இணைப்பு மாறினால் முகவரியும் மாற வேண்டும்

(ஊராட்சிப் பணியில் உள்ளோர்க்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற வட்டாரப் பயிற்சி முகாமில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி இத்தகைய முகாம்களில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் ரூட்டர் என்னும் சிறு பெட்டிக்குள் அது நடைபெறுகிறது. இப்பெட்டியைப் பற்றிப் பேசுவது இணைப்புக் கொடுப்பவரின் வேலையன்றோ, வளர்ச்சி அலுவலருக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் எண்ணக் கூடும். அவ்வக்கறைக்குக் காரணம் உண்டு.

ஊராட்சிகளுக்கு வரும் நிதிக்குழு மானியத்தைச் செலவிடுவது, 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தின் வழியாகவே நடைபெறுகிறது. பட்டா, சிட்டா நகல்களும், வருமானச் சான்றும், சாதிச் சான்றும் இணையவழியே பெறப்படுகின்றன. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் பெயர் பதிவதும் இணையவழியேதான். ஆகவே, அலுவலகத்தின் இணைப்பு நின்றால், கணினி மட்டும் நிற்பதில்லை. கூலியும், சான்றும், காப்பீடும் நின்றுவிடுகின்றன.

சம்பா நெல்லுக்கான காப்பீட்டுப் பதிவின் இறுதி நாள் பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் வருவதை உழவர்கள் அறிவார்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்து, மரம் சாய்ந்து, கம்பி அறுவதும் அதே மாதத்தில்தான். பதிவுக்காக மக்கள் வரிசையில் நிற்கும் நாளும், இணைப்பு அறுந்துபோகும் நாளும் ஒன்றாகவே அமையக்கூடும் என்பதை நாம் முன்கூட்டியே எண்ணி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் இணைப்பு இருந்தும் வேலை நிற்பதேன்?

இக்கவலையை உணர்ந்த பல ஊராட்சிகள் இன்று இரண்டு இணைப்புகளை வைத்துக்கொள்கின்றன. முதலாவது, கண்ணாடி இழைக் கம்பி வழியே வருவது. இதனை ஃபைபர் இணைப்பு என்கிறோம். இரண்டாவது, சிம் அட்டை போட்ட சிறு பெட்டியின் மூலம் கைபேசிக் கோபுரத்திலிருந்து வருவது. ஒன்று நின்றால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. மாதந்தோறும் இரண்டுக்கும் கட்டணம் செலுத்துகிறோம்.

ஆயினும், ஃபைபர் அறுந்த நாளில் நடப்பது என்ன? சிம் பெட்டியின் விளக்கு எரிகிறது. அதனோடு ஒரு கைபேசியை நேரே இணைத்தால் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் அலுவலகக் கணினியில் மட்டும் ஒரு பக்கமும் திறப்பதில்லை. அல்லது சில பக்கங்கள் திறக்கின்றன, சில திறப்பதில்லை. “இரண்டாம் இணைப்பு எதற்கும் உதவாது” என்று சலித்துக்கொண்டு, அதனை நிறுத்திவிடலாம் என்று தீர்மானிக்கவும் சிலர் முற்படுகின்றனர்.

குறை இணைப்பில் இல்லை. வாயிலை மாற்றிய பெட்டி, அவ்வாயிலுக்கு உரிய முகவரியை மாற்றவில்லை என்பதே குறை. இதனைச் சரிசெய்யப் புதிய கருவி எதுவும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. என்ன கேட்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்ற தெளிவே வேண்டும். அத்தெளிவை உண்டாக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அனுப்புகைப் பதிவேடும் ரூட்டரும்

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். நெடுநாளாக வழக்கிலிருக்கும் நான்காம் பதிப்பு முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலகின் மக்கள் தொகையையும், ஒவ்வொருவர் கையிலும் உள்ள கருவிகளையும் எண்ணினால் இது போதாது என்பது விளங்கும். இம்முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது.

இப்பற்றாக்குறையை முன்பே உணர்ந்து, 1994 மே மாதத்தில் ஒரு முறை முன்மொழியப்பட்டது. அதற்கு ஆங்கிலத்தில் ‘நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்’ என்றும், சுருக்கமாக ‘நாட்’ என்றும் பெயர். முகவரி மாற்று முறை என்று நாம் சொல்லலாம். 1996 பிப்ரவரியில், அலுவலகங்களும் வீடுகளும் தங்களுக்குள்ளேயே பயன்படுத்திக்கொள்வதற்கென மூன்று வரிசை முகவரிகள் ஒதுக்கி வரையறுக்கப்பட்டன. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியவையே அவை. இவை வெளியுலகில் செல்லுபடியாகா.

இம்முறை நடைபெறும் விதம் நமக்குப் புதியதன்று. நம் அலுவலகத்தின் அனுப்புகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பத்து மேசைகள் இருக்கலாம். ஆனால் வெளியே செல்லும் கடிதம் ஒவ்வொன்றிலும் அலுவலகத்தின் ஒரே முகவரிதான் இடப்படுகிறது. கூடவே ஓர் எண்ணும் எழுதப்படுகிறது. எந்த எண் எந்த மேசைக்கு உரியது என்பது பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. பதில் வரும்போது அது அலுவலக முகவரிக்கே வருகிறது. அனுப்புகை எழுத்தர் எண்ணைப் பார்த்து, உரிய மேசைக்குச் சேர்ப்பிக்கிறார்.

ரூட்டர் செய்வதும் இதுவே. உள்ளே உள்ள கணினியின் முகவரியை நீக்கிவிட்டு, வெளி முகவரியை இடுகிறது. போர்ட் எண் என்னும் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும், தன் பதிவேட்டைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்புகிறது. ஒரு நொடியில் இத்தகைய நூற்றுக்கணக்கான பதிவுகளை அது எழுதுகிறது.

இனி, அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். புதிய தபால் நிலையத்தின் வழியே கடிதங்களை அனுப்புகிறோம். ஆனால் கடிதத்தில் பழைய முகவரியையே எழுதுகிறோம். பதில் எங்கே போகும்? பூட்டிக்கிடக்கும் பழைய கட்டடத்துக்கே போகும். அலுவலகத்தில் நாம் காத்திருப்போம், பதில் வாராது. இணைப்பு மாறும் நாளில் நம் கணினியில் நேர்வது இதுதான்.

மாற்றத்தின்போது நேரும் நான்கு குறைகள்

முதற்குறை, தவறான அனுப்புநர் முகவரி. ரூட்டரில் முகவரி மாற்று விதியை இருவகையாக எழுதலாம். வெளியே செல்வன யாவற்றிலும் இன்ன முகவரியை இடுக என்று ஒரு முகவரியை நிலையாக எழுதி வைப்பது ஒருவகை. இதற்குச் ‘சோர்ஸ் நாட்’ என்பர். எந்த வாயில் வழியே செல்கிறதோ, அந்த வாயிலுக்கு அப்போதுள்ள முகவரியை இடுக என்று எழுதுவது மற்றொரு வகை. இதற்கு ‘மாஸ்கரேட்’ என்று பெயர். ஃபைபர் இணைப்பின் முகவரியை நிலையாக எழுதிவிட்டு, சிம் இணைப்பின் வழியே அனுப்பினால், அக்கடிதம் பிறர் முகவரியைத் தாங்கிச் செல்கிறது. தமக்கு உரியதல்லாத முகவரியோடு வருவதைத் தடுத்து நிறுத்துமாறு இணைய நிறுவனங்களுக்கு 2000 மே மாதம் முதலே பொது நெறிமுறை வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே, அது வழியிலேயே தடுக்கப்படலாம். தடுக்கப்படாவிடினும், பதில் அறுந்துபோன ஃபைபர் பக்கமே திரும்பும்.

எனவே, இரண்டு வாயில்கள் இருக்குமானால், ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியே ஒரு முகவரி மாற்று விதி வேண்டும். சிம் இணைப்பின் முகவரி அடிக்கடி மாறும் இயல்புடையதாதலால், அவ்வாயிலுக்கு மாஸ்கரேட் முறையே ஏற்றது. ஃபைபருக்கு நிலையான முகவரி பெற்றிருந்தால், அவ்வாயிலுக்கு மட்டும் நிலையான விதியை வைத்துக்கொள்ளலாம். விதியில் வாயிலின் பெயர் குறிக்கப்படாமல் இருப்பதே பெருந்தொல்லைக்குக் காரணமாகும்.

இரண்டாம் குறை, பதிவேட்டில் தங்கிவிட்ட பழைய பதிவுகள். ரூட்டர் ஒவ்வோர் இணைப்புக்கும் முதற்கடிதத்தின்போது மட்டுமே எந்த முகவரியை இடுவது என்று முடிவு செய்கிறது. பின்னர் வருபவற்றுக்கு விதியைப் பார்ப்பதில்லை. பதிவேட்டில் எழுதியதையே பின்பற்றுகிறது. ஆதலால், வழி மாறிய பின்னும் நிலையான முகவரியோடு எழுதப்பட்ட பழைய பதிவு பழைய முகவரியையே இட்டுக்கொண்டிருக்கும். பல ரூட்டர்களுக்கு அடிப்படையாக உள்ள லினக்ஸில், நிலைபெற்ற டி.சி.பி. இணைப்பின் பதிவு, இயல்பான அமைப்பின்படி 4,32,000 விநாடிகள், அதாவது 5 நாட்கள் வரை நீக்கப்படாமல் இருக்கக்கூடும். ஐ.பி. தொலைபேசி போன்ற கருவிகள் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால், அவற்றின் பதிவு காலாவதியாகும் வாய்ப்பே ஏற்படுவதில்லை. சில பக்கங்கள் திறக்கின்றன, சில திறப்பதில்லை என்னும் விந்தைக்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்பார்கள். அணைக்கும்போது பதிவேடு அழிந்துவிடுவதே அதன் காரணம். வழி மாறியவுடன் பழைய வழியின் பதிவுகளைத் தானே நீக்கிவிடுமாறு பெட்டியில் அமைத்துவிட்டால், அணைத்துப் போட வேண்டிய தேவை இராது.

மூன்றாம் குறை, அறுந்ததையே அறியாதிருத்தல். அலுவலகத்தில் ஃபைபர்ப் பெட்டி மின்சாரத்தோடு இயங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள கம்பியும் நன்றாக உள்ளது. இழை அறுந்ததோ, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால். ரூட்டர் தன் கம்பியை மட்டும் பார்த்து, வழி நன்றாக இருக்கிறது என்றே கருதுகிறது. வாய்க்காலின் கடைமடையில் நின்றுகொண்டு, மதகு திறந்திருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. அணையில் நீர் இருக்கிறதா என்பதையன்றோ பார்க்க வேண்டும்? ஆகையால், வாயிலுக்கு அப்பால், வெளியுலகில் உள்ள நம்பத்தக்க இரண்டு முகவரிகளை ரூட்டர் இடைவிடாது விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். 8.8.8.8, 1.1.1.1 ஆகியவை பலரும் இதற்குப் பயன்படுத்துபவை. ஃபைபர் வழியைச் சோதிக்கும் விசாரணை ஃபைபர் வழியே மட்டும் செல்ல வேண்டும். சிம் வழியைச் சோதிப்பது சிம் வழியே மட்டும் செல்ல வேண்டும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை விசாரித்து, தொடர்ந்து மூன்று முறை பதில் வாராவிடில் வழியை மாற்றலாம். ஃபைபர் மீண்டதும் உடனே தாவிவிடாமல், சில நிமிடங்கள் அது நிலையாக இருப்பதைக் கண்ட பின்னர் திரும்புவதே நன்று. இன்றேல், மழை நாளில் கம்பி விட்டு விட்டு வரும்போது அலுவலகம் இங்குமங்கும் அலைக்கழிக்கப்படும்.

நான்காம் குறை, ஒரே எண்ணுடைய தெருக்கள். ஃபைபர்ப் பெட்டி, சிம் பெட்டி, அலுவலக ரூட்டர் ஆகிய மூன்றும் கடையிலிருந்து வரும்போதே 192.168.1 என்னும் ஒரே வரிசை முகவரியைக் கொண்டு வருவது உண்டு. மூன்று தெருக்களுக்கும் ஒரே பெயர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரூட்டரும் அவ்வாறே மயங்குகிறது. ஃபைபர்ப் பெட்டிக்கு 192.168.1 என்னும் வரிசையும், சிம் பெட்டிக்கு 192.168.8 என்னும் வரிசையும், அலுவலகத்தின் உள்ளே 10.20.30 என்னும் வரிசையும் வைத்துக்கொண்டால் இக்குழப்பம் நேராது. எண்கள் எவையாயினும் சரி, மூன்றும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இவற்றோடு, பெயரைக் கொண்டு முகவரி கண்டறியும் டி.என்.எஸ். என்னும் சேவையையும் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் டி.என்.எஸ். சேவை, தன் இணைப்பில் இல்லாதவர்களுக்குப் பதில் கூற மறுப்பது உண்டு. ஆகவே, இரு வழியிலும் பயன்படும் பொது டி.என்.எஸ். முகவரிகளை ரூட்டரில் எழுதி வைப்பது பாதுகாப்பானது.

சிம் இணைப்பின் இயல்பு

சிம் இணைப்பின் தன்மை ஒன்றையும் நாம் உணர்ந்திருக்க வேண்டும். கைபேசி நிறுவனங்கள் தங்கள் பயனாளர் ஒவ்வொருவருக்கும் தனி வெளி முகவரி தர இயலாமையால், தங்கள் நிலையத்திலும் மற்றொரு முறை முகவரி மாற்றம் செய்கின்றன. இதற்கெனவே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டன. நம் அலுவலகம் உள்ளிருந்து வெளியே கேட்பதற்கு இது தடையன்று. ஆனால், வெளியிலிருந்து ஒருவர் நம் அலுவலகத்துக்குள் வர விரும்பினால், அவர் வருவதற்கு வழியில்லை.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மோட்டாரையோ, கண்காணிப்புக் கேமராவையோ வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் கதவு திறந்து வைத்திருக்கும் ஊராட்சிகள், சிம் இணைப்புக்கு மாறியதும் அவ்வசதி நின்றுபோவதைக் காணலாம். கருவியே வெளியே உள்ள நிலையத்தைத் தொடர்புகொள்ளும்படி அமைத்தால், இரு வழியிலும் அது இயங்கும். நிரந்தரமாகக் கதவைத் திறந்து வைப்பது களவுக்கும் இடந்தரும். அதனைத் தவிர்ப்பதே முறை.

பாரத்நெட் திட்டத்தைப் பற்றி இங்கே ஒரு சொல். 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற தேசியக் கண்ணாடி இழைத் திட்டமே பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்திய பாரத்நெட் திட்டம், கம்பிகளை வளைய வடிவில் அமைப்பதை நோக்கமாகக் கொண்டது. வளையத்தில் ஒருபக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றிவரலாம். அங்கே வழிதான் மாறுகிறது. வாயிலும் முகவரியும் மாறுவதில்லை. ஆகையால் நம் ரூட்டர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நாம் வைத்துக்கொள்ளும் இரண்டாம் இணைப்போ வேறொரு நிறுவனத்தினுடையது. அங்கே வாயிலே மாறுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மனத்திற்கொண்டால், வளையம் வந்துவிட்டதே, ரூட்டரைப் பற்றிக் கவலை ஏன் என்ற ஐயம் எழாது.

பணம் செலுத்தும் வேளையில் எச்சரிக்கை

விதிகள் யாவும் செவ்வையாக இருந்தாலும், ஒரு வரம்பு உண்டு. வாயில் மாறும் அந்நேரத்தில் நடந்துகொண்டிருந்த இணைப்புகள் அறுந்தே தீரும். நம்மை ஒரு முகவரியில் அறிந்திருந்த தளம், வேறு முகவரியிலிருந்து வருபவர் அவரேதானா என்று ஐயுற்று, மீண்டும் உள்நுழையச் சொல்வதும் உண்டு. இது நம் பாதுகாப்புக்காக நடப்பதே. குறையாகக் கருத வேண்டாம்.

எனினும், பணம் செலுத்திக்கொண்டிருக்கும் தருணத்தில் இது நேர்ந்தால் நாம் நிதானத்தைக் கைவிடலாகாது. மின்னணுக் கையொப்பமிட்டு அனுப்பிய தொகையின் நிலை என்னவென்று தளத்தில் முதலில் பார்க்க வேண்டும். அது சென்றிருக்கவில்லை என்பது உறுதியான பின்னரே மறுமுறை அனுப்ப வேண்டும். வரி செலுத்த வந்தவரிடமும், காப்பீட்டுத் தொகை கட்ட வந்த உழவரிடமும், வங்கிக் கணக்கில் பணம் கழிந்ததா என்று கேட்டறிந்து, ஒப்புகை எண் கிடைத்ததா என்று பார்த்த பின்னரே அடுத்த படியை எடுக்க வேண்டும். அவசரத்தில் இருமுறை செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று என்பதைக் கூற வேண்டுவதில்லை.

இதே காரணத்தால், இரு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு அலுவலகக் கணினிகளுக்கு ஏற்றதன்று. ஒரே வேலையின் ஒரு பகுதி ஒரு முகவரியிலிருந்தும், மறுபகுதி வேறு முகவரியிலிருந்தும் செல்ல நேரிடும். ஒன்று இயங்க, மற்றொன்று காத்திருப்பதே நமக்குப் பொருத்தம்.

மற்றொன்றும் உண்டு. முகவரி மாற்று முறையால், அலுவலகத்தில் யார் இணையத்தைப் பயன்படுத்தினாலும், வெளியே தெரிவது ஊராட்சியின் ஒரே முகவரிதான். தவறு எவர் செய்தாலும் கேள்வி ஊராட்சியை நோக்கியே வரும். ஆகவே, பொதுமக்களுக்கு வைஃபை வழங்கும் ஊராட்சிகள் அதனை அலுவலக இணைப்பிலிருந்து பிரித்தே வைக்க வேண்டும். கருவிகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறை அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும்.

ஊராட்சிகள் செய்ய வேண்டியவை

இணைப்பு ஏற்பாட்டுக்குப் பணம் வழங்குமுன், பணி முடிந்தது என்று சான்றளிக்குமுன், கீழ்க்கண்டவற்றைச் செய்துபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, எந்த வாயிலில் எந்த விதி உள்ளது, மூன்று பெட்டிகளின் முகவரி வரிசைகள் யாவை என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்குங்கள். கடவுச்சொல்லைத் தனி உறையிலிட்டு முத்திரையிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். அமைத்தவர் ஊரை விட்டுச் சென்றாலும் ஊராட்சி தவிக்கக் கூடாது.

இரண்டாவதாக, ரூட்டருக்கும் ஃபைபர்ப் பெட்டிக்கும் இடையே உள்ள கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். சிம் இணைப்பில் அலுவலகக் கணினி இயங்குகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, அக்கம்பியை மீண்டும் மாட்டிவிட்டு, ஃபைபர்ப் பெட்டிக்கு வரும் கண்ணாடி இழையை மட்டும், அதனைக் கையாளத் தெரிந்த பணியாளரைக் கொண்டே கழற்றச் செய்யுங்கள். உண்மையில் கம்பி அறுவது இவ்வாறுதான். முதற்சோதனையில் தேறும் பல ஏற்பாடுகள் இரண்டாம் சோதனையில் தேறுவதில்லை. ஆதலால் இச்சோதனையின்றிச் சான்று வழங்க வேண்டா.

நான்காவதாக, நம் வெளி முகவரியைக் காட்டும் தளங்கள் உள்ளன. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அம்முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி மாறியிருக்க வேண்டும். இ-கிராம் சுவராஜ் தளமும், இ-சேவைத் தளமும் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஐந்தாவதாக, ஃபைபரை மீண்டும் மாட்டியதும், சில நிமிடங்களில் கணினி தானாகவே பழைய வழிக்குத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்பாவிடில், சிம் அட்டையின் அளவு தீர்ந்து மாதக் கடைசியில் தொல்லை ஏற்படும்.

ஆறாவதாக, மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத ஒரு நாளில் கம்பிச் சோதனையைச் செய்து, நாளும் முடிவும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். குறிப்பாக, பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே இழைச் சோதனையை ஒருமுறை நடத்திவிட வேண்டும். இரு பெட்டிகளுக்கும் ரூட்டருக்கும் யு.பி.எஸ். மின்சாரம் உள்ளதா என்பதையும் அப்போதே பாருங்கள். மின்சாரமில்லாத பெட்டிக்கு எந்த விதி எழுதியும் பயனில்லை.

இவற்றைச் செய்வதற்குப் பொறியாளர் பட்டம் வேண்டுவதில்லை. ஊராட்சிச் செயலர் அரைமணி நேரத்தில் மாதச் சோதனையை முடித்துவிடலாம். விதிகளை எழுதுவது தொழில் அறிந்தவரின் வேலை. எழுதியது பயன்படுகிறதா என்று சோதிப்பது ஊராட்சியின் வேலை. சாலைப் பணியின் கனத்தைத் தோண்டிப் பார்த்து அளந்த பின்னரே பட்டியலை ஏற்கிறோம் அல்லவா? அதே கண்டிப்பு இங்கும் வேண்டும்.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதி நாள் வரை காத்திராமல், பதிவை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் இணைப்பு இல்லை என்று சொல்லக் கேட்டால், வீடு திரும்பிவிடாமல், “இரண்டாம் இணைப்பு என்னவாயிற்று? கடைசியாக எந்த நாளில் சோதித்தீர்கள்?” என்று அமைதியாகக் கேளுங்கள். குறிப்பேட்டைப் பார்க்கவும் கேளுங்கள். ஊராட்சியின் பணத்தில் வாங்கிய ஏற்பாடு வேலை செய்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. கிராம சபைக் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றிக் கேட்பது போலவே இதனையும் கேட்கலாம்.

ஐந்து கல் நடந்து வந்து வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு, முகவரி மாற்று முறை என்ன என்பது தெரிய வேண்டியதில்லை. அவர் கொண்டுவந்த காகிதம் அன்றே பதிவாக வேண்டும், அவ்வளவே. அதற்கு வேண்டிய ஏற்பாட்டை மழைக்கு முன்பே செய்து, சோதித்து வைப்பது நம் அனைவருடைய கடமையாகும். வரும் மாதக் கூட்டத்துக்கு ஒவ்வோர் ஊராட்சியும் தன் சோதனைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.